நிறுத்திட்டேன்னு சொன்ன ஹீட்டர்

தம்பி,

இதை நீ கம்பெனியில சாப்பாட்டுப் பையைத் திறக்குறப்பதான் பாப்பே. வீட்ல என் எதிர்ல நின்னு படிச்சீன்னா உன் மூஞ்சியைப் பாக்குற தைரியம் எனக்கு இல்ல. அதனாலதான் சாப்பாட்டுப் பையில டிஃபன் பாக்ஸுக்கு அடியில வச்சு அனுப்புறேன். பள்ளிக்கூடத்துத் தமிழ்ல அழகா எழுதணும்னு ஆரம்பிச்சுப் பாத்தேன், யாரோ மேடையில பேசுற மாதிரி இருந்துச்சு, கிழிச்சுப் போட்டுட்டு வாயில வர்ற மாதிரியே எழுதுறேன். நேத்து சாயங்காலம் தோசை சுட்டுக்கிட்டே இதைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ, புதன்கிழமை டெங்காவுல எங்க புது வீட்டுச் சாவி வாங்கப் போறேன், நீங்க என்கூட வாங்கன்னு சொன்னே. நிஷா வரலையாடான்னு கேட்டேன். அவ முதல்ல உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு, தட்டுல மிச்சமிருந்த சட்னியை வழிச்சுத் தின்னே. கல்லுல தோசை கருகின வாசம் உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது, எனக்குத் தெரியல.

சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன். உன் பொண்டாட்டி பொய் சொல்லல. பொய் சொன்னவ நான். பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின அன்னைக்கு, அதோட உடம்பு அப்படிக் கொதிச்சது நிஷா போட்ட ஃபேனால இல்ல, நான் போட்ட ஹீட்டரால. அம்மா, அந்த ஹீட்டரை நிறுத்துங்கன்னு நீ சொன்னப்ப, நிறுத்திட்டேன்டான்னு சொன்னேன் பாரு, அதே ஹீட்டர். நிறுத்தல. நீ வேலைக்குப் போன பிறகு தினம் போட்டேன். ரெண்டு மாசமா நிஷா செம்பவாங்ல அவங்கம்மா வீட்ல உக்காந்திருக்கா, நீ இங்க என் கையால சாப்பிட்டுக்கிட்டு அவ மேல கோவமா இருக்கே, நடுவுல நான் எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி உனக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன்.

நீ எதனால என்னை நம்பினேன்னும் எனக்குத் தெரியும். சிராங்கூன் ரோட்டுச் சந்துக் கடையில முப்பது வருஷத்துக்கு மேல ஃபேனும் ஹீட்டரும் விக்கிறவ உங்கம்மா. இந்த ஊர்த் தமிழாளுங்க வீட்ல சுத்துற ஃபேன்ல பாதி நான் வித்ததுதான்னு பீத்திக்கிட்டதைக் கேட்டே வளந்தவன் நீ. ஜோடியா உள்ள வர்றவங்களைப் பாத்ததுமே, இவருக்குப் புழுங்கும், இந்தப் பொண்ணுக்குக் குளிரும்னு சொல்லிடுவேன். எல்லா ஜோடியிலயும் ஒண்ணு ஃபேனை அஞ்சாம் நம்பர்ல ஓட விடும், இன்னொண்ணு போர்வையை இழுத்து மூக்கு வரைக்கும் போத்திக்கும். அதுல யாரு சொல்றது நடக்குதுன்னு பாத்தா அந்த வீட்டு லட்சணமே தெரிஞ்சுடும். நீ ரெண்டாம் வகுப்பு படிக்கிறப்ப, ஃபேன் அறையைக் குளிர வைக்காது, காத்தைத்தான் நகத்தும்னு டீச்சர் சொன்னதுக்கு, எங்கம்மா ஃபேன் கடையில வேலை செய்யறாங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு எழுந்து நின்னு சண்டை போட்டியாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. டீச்சர் சொன்னதுதான் சரின்னு எனக்குத் தெரியும். ஆனா வர்ற வழியில உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். என் பிள்ளை எனக்காகப் பேசினான்னு அவ்வளவு சந்தோசம்.

சரி, நடந்ததைச் சொல்றேன். பாதி உனக்குத் தெரியும், தெரியாத பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வீட்டுக்குப் போறதுதான் வழக்கம். சம்பந்தியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாங்க, அதனால நிஷாவை நான் பாத்துக்கிறேன்னு மார் தட்டிக்கிட்டேன். கடையில லீவு சொல்லிட்டு வந்தேன். நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்டா, அதையும் சொல்லணும். பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, வெந்நீர், வயித்துக்குத் துணிக்கட்டு, காதுக்குப் பஞ்சு, எதையும் விடல. அந்தப் பொண்ணும் முணுமுணுக்கல. ஆபீஸ்ல ஏர்கான்லயே உக்காந்து பழகினவ, ஃபேன் இல்லாம, ஜன்னல் திறக்காம, தலையில துணியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பச்சை உடம்புக்குக் காத்து ஆகாது, இப்ப காத்துப் பட்டா வயசான காலத்துல ஒவ்வொரு மூட்டும் வலிக்கும்னு சொன்னேன். பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டியும் வாசல் கேட் பக்கத்துல நின்னு அதையேதான் சொன்னாங்க, அவங்க பக்கமும் அதே பத்தியம்தானே. எனக்கு இன்னும் தெம்பு வந்துடுச்சு. அவ கை மறந்தாப்பல கூடப் போயிடக் கூடாதுன்னு, ரூம் ஃபேன் சுவிட்ச் மேல டேப்பை ஒட்டி வச்சேன். கடையில விக்காத டிஸ்பிளே பீஸுக்கு ஒட்டுவோமே, அது மாதிரி.

அப்பத்தான் அந்த அடைமழை பிடிச்சுது. டிசம்பர் மழை, நாலஞ்சு நாளா வெயில் மூஞ்சியே தெரியல, துணி ஒண்ணும் காயல. பாப்பாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினா, ரூம்ல மாட்டியிருக்கிற புகை அலாரம் கத்தித் தொலைக்குது. அந்தக் காலத்துல பிள்ளை பெத்தவ கட்டிலுக்குக் கீழ தணல் சட்டி வைப்பாங்க, இங்க அடுக்குமாடி பிளாக்ல கரி மூட்ட முடியுமா? எனக்குக் கடை ஸ்டோர்ல கிடந்த அந்த ரூம் ஹீட்டர் ஞாபகம் வந்துச்சு. இந்த ஊர்ல ஹீட்டர்னா பாத்ரூம்ல வெந்நீர் வர்றதுதான், ரூமைச் சூடாக்குறதை யாரு வாங்குவா? பிள்ளைங்களைக் குளிர் நாட்டுக்குப் படிக்க அனுப்புறவங்க வாங்குவாங்கன்னு முதலாளி ஆசைப்பட்டு இறக்கின சரக்கு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ரெண்டு கம்பி, பழுப்பாகிப் போன டப்பா. அதைப் பிளாஸ்டிக் பையில போட்டு மழையில நனையாமத் தூக்கிட்டு வந்தேன். தணல் சட்டிக்குப் பதிலா ஹீட்டர், புகையும் இல்ல, சாம்பலும் இல்ல, என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன். சிங்கப்பூர்ல ரூம் ஹீட்டர் போட்ட ஒரே பைத்தியக்காரி நானாத்தான் இருப்பேன்.

நிஷா உன்கிட்டச் சொன்னா. நீ வந்து, அம்மா, அது வேணாம்மா, நிறுத்திடுங்கன்னு தன்மையாத்தான் சொன்னே. நானும் சரிடா, நிறுத்திட்டேன்னு சொன்னேன். எனக்குச் சுருக்குன்னு தைச்சது நீ சொன்னது இல்ல, அவ என்கிட்டச் சொல்லாம உன்கிட்டச் சொன்னதுதான். என் வேலையில, எனக்குத் தெரிஞ்ச விஷயத்துல, நேத்து வந்தவ என்னைப் பத்திப் பிராது குடுக்கிறாளான்னு பொருமினேன். அதனால நீ காலையில ஜூரோங் பஸ்ஸைப் பிடிக்கக் கீழ இறங்கினதும் பிளக்கைச் சொருகுவேன். நீ வர்ற நேரத்துக்கு எடுத்து என் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவேன். நிஷா பாத்துக்கிட்டே இருப்பா. மறுபடி உன்கிட்டச் சொல்லல. வீட்ல சண்டை வேணாம்னு அவ பல்லைக் கடிச்சுக்கிட்டா. அவ அடங்கிட்டான்னு நான் நினைச்சேன்.

இதுல நான் தெரியாமச் செஞ்சேன்னு சொல்லித் தப்பிக்கவும் வழி இல்ல. பிள்ளை பெத்து புழுக்கத்துல வேகிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ பொறந்தப்ப எங்கம்மா என்னை அப்படித்தான் பூட்டி வச்சாங்க. முதுகெல்லாம் வேர்க்குரு வெடிச்சு, படுக்க முடியாது, உக்கார முடியாது, பால் குடிக்கிற உன் தலையும் என் மாரும் வேர்வையில ஒட்டிக்கும். உங்கப்பா அப்ப செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை. வேலை முடிஞ்சு வந்ததும், எங்கம்மா எப்ப குளிக்கப் போவாங்கன்னு காத்துக்கிட்டு இருப்பாரு. பாத்ரூம்ல தண்ணி விழற சத்தம் கேட்டதும் மேசை ஃபேனைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து, என் முதுகுப் பக்கம் வச்சுப் போட்டு விட்டுட்டு, வாசப்படியில காவல் நிப்பாரு. எனக்குத் தெரியுமே, உன் மேல நேராப் படாமத் திருப்பித்தான் வைப்பாரு. தண்ணிச் சத்தம் நின்னதும் ஃபேனும் போயிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக் காத்து மாதிரி ஒண்ணை நான் அப்புறம் அனுபவிச்சதே இல்ல. உங்கப்பா செத்துப் பல வருஷம் ஆச்சு, அவர் எனக்கு வாங்கிக் குடுத்த நகையெல்லாம் மறந்துடுச்சு, அது மறக்கல. அப்பேர்ப்பட்டதை அனுபவிச்சவ நான், டேப்பை எடுத்து ஒட்டினேன். நான் பட்டேன்ல, அவளும் படட்டுமேன்னு உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல இருந்திருக்கு. அப்போ அதுக்குப் பத்தியம்னு பேர் வச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதே. உங்கப்பா செஞ்சதை நீ செய்யல. செய்யத் தெரியல உனக்கு. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு உன்னை நான்தான் பழக்கினேன், ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துப் பழக்கினேன்.

அன்னைக்குக் காலையில நான் சுறா வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். மழை விட்டு வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. திரும்பி வந்து ரூம் கதவைத் திறந்தா, ஹீட்டர் நின்னிருக்கு, ஜன்னல் திறந்திருக்கு, சுவிட்ச் மேல ஒட்டின டேப் உரிச்சுக் கிடக்கு, மேல ஃபேன் ஒண்ணாம் நம்பர்ல மெள்ளச் சுத்துது. பாப்பா பனியன் மட்டும் போட்டுக்கிட்டு நல்லாத் தூங்குது. நிஷா தலையை அவுத்துவிட்டு, சுவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு இருக்கா. அந்த மூணு வாரத்துல அவ மூஞ்சி அவ்வளவு நிம்மதியா இருந்து நான் பாக்கல. அதைப் பாத்ததும்தான் எனக்கு ஆத்திரம் பொங்கிச்சு. என்ன பேசினேன்னு இங்க எழுத மாட்டேன், அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், பாப்பாவுக்குக் கம்பளிக் குல்லா, காலுறை, கையுறை எல்லாம் மாட்டி ரெண்டு போர்வையில சுத்தினேன். ஹீட்டரோட ரெண்டு கம்பியையும் போட்டுத் தொட்டில் பக்கம் நகத்தி வச்சேன். அத்தை, பாப்பாவுக்கு வேர்க்குதுன்னு சொன்னா. வேர்க்கட்டும், நல்லதுதான்னு சொல்லிட்டுச் சுறா கழுவப் போயிட்டேன்.

சாயங்காலம் பாப்பா பால் குடிக்க மாட்டேங்குது. மார்ல வாயை வச்சா அப்படியே தொங்குது. மூஞ்சி செவந்து போயிருக்கு, தொட்டா கை சுடுது, அழக்கூட அதுக்குத் தெம்பில்ல. நிஷா உனக்குப் போன் பண்ணிக்கிட்டே செருப்புக் கூட மாட்டாம லிஃப்டுக்கு ஓடினா. டாக்ஸியில அவ ஒரு வார்த்தை என்னைத் திட்டல. ஆஸ்பத்திரியில போர்வையையும் குல்லாவையும் கழட்டி வீசிட்டு, காத்தாடப் போட்டுப் பாத்தாங்க. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு உடம்பு சுட்டா விட முடியாதுன்னு ரத்தம் எடுத்தாங்க. அந்தக் கை எவ்வளவு பெருசு இருக்கும்னு உனக்கே தெரியும், அதுல ரத்தக் குழாய் தேடித் தேடிக் குத்தினாங்க. நிஷாவுக்குத் தலை சுத்தி, நர்ஸ் அவளை வேற ரூம்ல படுக்க வச்சுட்டாங்க. சின்ன வயசு டாக்டர், அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, வீட்ல ரூம் எப்படி இருந்துச்சு, எத்தனை துணி போட்டிருந்தீங்கன்னு கேட்டுது. பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுமோங்கிற பயத்துல நான் உண்மையைச் சொன்னேன். ஹீட்டர்னு சொன்னதும் அது ஒரு நிமிஷம் எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பாத்துது. அப்புறம், சூடு தாங்காமத்தான் இப்படி ஆகியிருக்கு, துணியைக் கழட்டினதும் இறங்க ஆரம்பிச்சுடுச்சு, இனிமே ஒரு மெல்லிசுச் சட்டை போதும், ஃபேன் தாராளமாப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

நீ ஜூரோங்லேருந்து வந்து சேந்தே. கால்ல சேஃப்டி பூட்ஸ், மூஞ்சியெல்லாம் பயம். என்னம்மா ஆச்சுன்னு கேட்டே. டாக்டர்கிட்ட உண்மையைச் சொன்ன இதே வாய், நீ கேட்டதும், "ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்து விட்டுட்டாடா, குளிர் பிடிச்சிருச்சு"ன்னு சொல்லிடுச்சு. யோசிச்சுச் சொல்லல. ஆனா சொன்ன பிறகு திருத்த எவ்வளவோ நேரம் இருந்துச்சு. நீ நேரா நிஷா படுத்திருந்த ரூமுக்குப் போனே. தையல் கூட ஆறாதவளை, நாலு பேர் இருக்காங்கன்னு பாக்காம, அம்மா சொன்னதைக் கேட்டா குறைஞ்சா போயிடுவேன்னு கத்தினே. அவ, ஹீட்டர்தான், உங்கம்மா தினம் போட்டாங்கன்னு சொன்னா. நீ திரும்பி என்னைப் பாத்தே. அதை எப்பவோ கடைக்குத் திருப்பி அனுப்பிட்டேனேன்னு சொன்னேன். மறுநாள் நீ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நெசமாவே கொண்டு போய் ஸ்டோர்ல போட்டுட்டேன். ஆஸ்பத்திரியிலேருந்து பாப்பாவை அனுப்புறப்ப, அதிகமாச் சுத்தி வைக்காதீங்கன்னு நர்ஸ் சொன்னதை நிஷா உன்கிட்டச் சொன்னா, அது எல்லா அம்மாமாருக்கும் சொல்ற பேச்சுன்னு நீ தள்ளிட்டே. நீ எனக்காகக் கத்தினப்ப எனக்கு உள்ள ஒரு இனிப்பு இருந்துச்சுடா. பாப்பா உள்ள ஊசியோட கிடக்குது, வெளிய எனக்கு இனிக்குது. இந்த ஜென்மத்துல எனக்கு மறக்காது அது.

நிஷா ஆஸ்பத்திரியிலேருந்து நேரா செம்பவாங் போனவதான். முட்டி வலியோட இருக்கிற அவங்கம்மா அவளையும் பிள்ளையையும் பாத்துக்கிறாங்க. பிள்ளை பொறந்த முப்பதாம் நாள் முப்பது கும்பிடறது கூட அங்கதான் நடந்துச்சு, நீ விருந்தாளி மாதிரி போயிட்டு வந்தே, நான் தலைவலின்னு போகல. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். சொன்னா பாப்பாவை இனிமே என் கையிலயே குடுக்க மாட்டாங்களேன்னு பயம் வந்துடும். நீ என்னை எப்படிப் பாப்பேங்கிறது அதை விடப் பெரிய பயம். அப்படியே நாள் போயிடுச்சு.

போன வாரம் கடைக்கு ஒரு குடும்பம் வந்துச்சு. புதுசாப் பிள்ளை பொறந்திருக்காம், அந்தத் தம்பி ஒரு ஸ்டாண்டு ஃபேன் கேக்குறாரு. அவங்கம்மா கூடவே நின்னுக்கிட்டு, பச்சை உடம்புக்காரிக்கு எதுக்குடா ஃபேன்னு சத்தம் போடறாங்க. தம்பி என்னைக் காட்டி, அக்கா ரொம்ப வருஷமா இதுலயே இருக்காங்க, அவங்களையே கேளுங்கன்னு சொல்லிட்டாரு. அந்தம்மாவும் என்னைத்தான் துணைக்குத் தேடினாங்க, நம்ம வயசுதானே. நான் படபடன்னு பேசினேன். அம்மா, இந்த ஊர்ப் புழுக்கத்துல பிள்ளை வெந்து போயிடும், நேரா மேல படாமச் சுவத்துப் பக்கம் திருப்பி வைங்க, ஒரு சட்டை போதும், போத்தாதீங்க, டாக்டரே சொல்லியிருக்காங்கன்னு சொன்னேன். அவங்க சமாதானமாகி வாங்கிட்டுப் போனாங்க. போகும்போது அந்தத் தம்பி, உங்க வீட்டு மருமக குடுத்து வச்சவங்கக்கான்னு சொல்லிட்டுப் போனாரு. பில் புக்கை மூடிட்டு ஸ்டோர்ல போய் உக்காந்து அழுதேன். முன்ன பின்ன தெரியாதவ மகனுக்கு வாய் நிறைய வந்த உண்மை, என் மகனுக்கு வரல.

மறுநாளே லீவு சொல்லிட்டு எம்.ஆர்.டி. ரயிலேறிச் செம்பவாங் போனேன். நீ வேலையில இருந்தே, உன்கிட்டச் சொல்லல. சம்பந்தியம்மா தாங்கித் தாங்கி வந்து கதவைத் திறந்து, வாங்கன்னு மரியாதையாத்தான் கூப்பிட்டாங்க. ஹால்ல ஃபேன் சுத்துது. கீழ பாயில பாப்பா மெல்லிசு பனியனோட மல்லாந்து, ஃபேனைப் பாத்துக் காலை உதைச்சுக்கிட்டுக் கிடக்குது. நல்லாக் கொழுகொழுன்னு வந்திருக்குடா. நிஷா சமையல் கட்டுலேருந்து வந்தவ, என்னைப் பாத்ததும் முதல்ல பாப்பாவைத் தூக்கிக்கிட்டா. அவ அப்படித் தூக்கினது எனக்குச் சரின்னுதான் பட்டுச்சு. நான் உக்காரல. நீ சொன்னதுதான் நெசம், நான்தான் பொய் சொன்னேன், என்னை மன்னிச்சுடும்மான்னு கேட்டேன். சம்பந்தியம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நிஷா பாப்பாவை ஒரு தோள்லேருந்து இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தை. அந்தக் கோவம் இன்னும் போகல, எப்பப் போகும்னும் தெரியல. ஆனா நான் வீட்டுக்கு வராதது அதுக்காக இல்ல. பாப்பாவோட பக்கத்துல அன்னைக்கு முழுக்க இருந்தவ நான். என்ன நடந்துச்சுன்னு அவர் என்னை ஒரு தடவை கூடக் கேக்கல."

இதை அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கன்னு மட்டும் சொன்னா. பாப்பாவை என்கிட்டக் குடுக்கல, நானும் கேக்கல. வாசல் வரைக்கும் வந்து, பாத்துப் போங்க அத்தைன்னு சொன்னா. அந்தப் பொண்ணு வளர்ப்பு அப்படி. வர்ற வழியெல்லாம் நான் பேசினதை விட்டுட்டு அவ பேசினதுதான் காதுல ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அதனால புதன்கிழமை நான் வர மாட்டேன். அந்த வீட்டுக் கதவை அவதான் முதல்ல திறக்கணும், அவளுக்கு முன்னாடி அந்த வாசப்படியில நான் கால் வச்சா அது வெளங்காது. ஃபேன் வாங்குறதுக்கு என் கடைக்கு வரணும்னு கட்டாயம் இல்ல, எங்க வேணா வாங்குங்க. இப்பல்லாம் ரிமோட்ல ஓடுறதுதான் எல்லாரும் கேக்குறாங்க. வாங்கினீங்கன்னா, ரிமோட்டை அவ பக்கத்துல வை. உனக்குக் குளிர்ந்தா நீ போர்வையை எடுத்துப் போத்திக்கோ, செத்துட மாட்டே. அங்க வந்து பாப்பாவைப் பாக்கலாமா வேணாமான்னு நிஷா சொல்லட்டும். அவ வேணாம்னா, நீ எனக்காக அவகிட்டக் கெஞ்சாதே. நான் செஞ்சதுக்கு அது அதிகம் இல்ல.

இன்னைக்கு வேலை முடிஞ்சு இங்க வராதே, உனக்கு இங்க சோறு கிடையாது. ஜூரோங்லேருந்து நேரா செம்பவாங் போ. அவ கதவைத் திறந்ததும், அம்மா என்னை ஏமாத்திட்டாங்க, நான் என்ன பண்ணுவேன்னு ஆரம்பிக்காதே. என் பொய்க்கு நான் போய் நின்னு மன்னிப்புக் கேட்டுட்டேன், அது முடிஞ்சுது. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போனது நீ, அதுக்கு நீதான் கேக்கணும்.

உன் அம்மா